வேலையில்லாப் பொத்தான்கள்

உங்கள் ஆபீஸ் கீ-போர்டை ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். மொத்தம் 104 பொத்தான்கள். (லேப்டாப் ஆசாமிகளுக்குக் கொஞ்சம் குறையும், மன்னிக்கவும்.) இவற்றில் தினமும் வியர்வை சிந்தி உழைப்பவை எத்தனை? ஸ்பேஸ் பார் நடுவில் குழி விழுந்திருக்கும். என்டர், கோபக்கார மேனேஜரிடம் அடி வாங்கி வாங்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் வலது மேல் மூலையில் ஸ்க்ரோல் லாக், பாஸ் என்று இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள் பாருங்கள். வாங்கின அன்றைக்கு இருந்த அதே மினுமினுப்பு! காலை பத்தரை மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பேப்பரை மடக்கி மடக்கிப் படித்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகள் மாதிரி, எந்த வேலையும் இல்லாமல், ஆனால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு.

அவர்களுக்கு நான் வேலை வாங்கிக் கொடுத்த கதை இது. சிபாரிசு, லஞ்சம் எதுவும் கிடையாது. அரைக் கிலோ மக்ரூன் மட்டும் செலவு. அதுவும் பின்னால் வருகிறது.

தூத்துக்குடியில் பீச் ரோடு பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு உத்தியோகம். ஏற்றுமதி இறக்குமதிக்காரர்களுக்கும் கஸ்டம்ஸுக்கும் நடுவில் காகிதம் சுமக்கிற தொழில். காகிதம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்; இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஒன்பது மெஷின், ஒரு பிரின்டர், ஓர் அண்ணாச்சி. அண்ணாச்சி என்றால் முதலாளி.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்ட் காசில்லாமல் மருந்து கொடுப்பதை நிறுத்தியது. அதாவது வைரஸ் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் இனி சும்மா வராது. சரி, 11-க்கு மாறலாம் என்றால் எங்கள் மெஷின்களுக்கு அந்த யோக்யதை இல்லை. டி.பி.எம். 2.0 என்று ஒரு சில்லு வேண்டுமாம். பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலேயோ இருக்க வேண்டுமாம். எங்களுடையது நாலாவது. பெண் பார்க்க வந்த இடத்தில் ஏழு தலைமுறை கேட்பது போலத்தான்.

ஒன்பது புது மெஷினுக்கு விலை கேட்ட அண்ணாச்சி, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஓசி."

ஓசி என்ற சொல்லுக்கு எங்கள் அண்ணாச்சியின் காது எப்போதும் திறந்தே இருக்கும்.

பெருமைக்காகச் சொன்னதுதான், மறைப்பானேன்? 1991-ல் ஹெல்சிங்கியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பையன் ஆரம்பித்தது, இன்றைக்கு உலகத்தின் பெரிய சர்வர்களில் பாதிக்கு மேல் அதில்தான் ஓடுகிறது, உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே அதுதான் இருக்கிறது என்று அளந்தேன். நம் ஊருக்கும் இது புதுசில்லை. 2007 வாக்கிலேயே சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது என்றேன். 2011-ல் ஆரம்பித்த அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள், சி-டாக் தயாரித்தது என்றேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ப்ளஸ் டூ-வில் அந்த லேப்டாப் எனக்கும் கிடைத்தது. கிடைத்த அன்று சாயங்காலமே பாஸ் லினக்ஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படம் ஏற்றிக்கொண்டேன். என் செட்டில் எல்லோரும் அதைத்தான் செய்தோம்.

அண்ணாச்சி சம்மதித்தார். டிஜிட்டல் கையெழுத்து போடுவதற்காக மட்டும் ஒரே ஒரு புது விண்டோஸ் மெஷின் வாங்குவது. மற்ற எட்டும் லினக்ஸ் மின்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, எல்லா மெஷினிலும் 'டாகுமென்ட்ஸ்' ஃபோல்டரை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து ஏற்றினேன். அந்த 'மட்டும்' என்ற சொல்லை ஞாபகத்தில் வையுங்கள்.

* * *

திங்கட்கிழமை காலை ஆபீஸே ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது.

அக்கவுன்ட்ஸ் அக்காவுக்கு ஒரு பழக்கம். காபிக்கு எழுந்து போகும்போது விண்டோஸ் சாவியையும் 'எல்'லையும் சேர்த்து அழுத்தி ஸ்கிரீனைப் பூட்டிவிட்டுப் போவார். நல்ல பழக்கம்தான். லினக்ஸில் அந்தச் சாவிக்கு 'சூப்பர்' என்று பெயர். சூப்பரும் எல்லும் அழுத்தினால் எங்கள் மெஷினில் பூட்டவில்லை. அதற்குப் பதிலாக 'லுக்கிங் கிளாஸ்' என்று ஒரு சமாசாரம் மேலிருந்து இறங்கி, வாயில் நுழையாத வரிகளைக் காட்டியது. மென்பொருள் எழுதுகிறவர்கள் பிழை பார்க்கிற கண்ணாடியாம் அது. அக்கா, "ஐயையோ, எவனோ உள்ள வந்துட்டான்!" என்று போட்ட கூச்சலில் வாசலில் நின்ற டெம்போ டிரைவர் உள்ளே வந்துவிட்டார்.

இதெல்லாம் ரெண்டு நாளில் சரியாகிவிட்டது. சரியாகாதது டாலி அண்ணன்.

அவருக்கு வயது 58. கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சரக்கை எண்ணிக் கணக்கு எழுதும் டாலி கிளார்க்காக ஆரம்பித்தவர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கன்டெய்னர் இத்தனை பெருகாத நாளில், மூட்டை மூட்டையாக ஸ்லிங் போட்டு விஞ்சில் தூக்குகிற காலத்தில், ஒரு நாள் யாரோ காட்டிய தப்பு சிக்னலில் கம்பி இறுகி, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. அதன் பிறகு மேசை வேலை. மீதியிருந்த எட்டு விரலில் அவர் அடிக்கிற வேகத்துக்கு, பத்து விரலும் வைத்துக்கொண்டு நான் திணறுவேன். கன்டெய்னர் நம்பர் என்பது நாலு எழுத்து, ஏழு எண், ஆகப் பதினோரு இலக்கம். கடைசி எண் சரிபார்க்கிற எண். அதை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்து, "தம்பி, இந்த நம்பர் தப்பு" என்று மெஷினுக்கு முன்னால் சொல்லுகிற ஆள் அவர்.

அந்த மனுஷன் திங்கட்கிழமை முழுக்க ஒரே ஒரு இன்வாய்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை நான் போய், "என்னண்ணே, எதாவது ஓடலையா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. பழகிருவேன்" என்றார்.

அவர் அப்படித்தான். வாயைத் திறந்து கேட்க மாட்டார். வியாழக்கிழமை அக்கவுன்ட்ஸ் அக்காதான் சொன்னார்: "ஏ தம்பி, அவருக்குப் பழைய மெஷின்ல எவனோ ஒரு பையன் பொத்தான் போட்டுக் குடுத்திருந்தான்லா. ஒண்ணை அமுக்கினா பார்ட்டி அட்ரஸ் மொத்தமும் வந்து விழும். அது இதுல இல்லையே?"

எனக்கு அடிவயிற்றில் ஐஸ் வைத்தது போல இருந்தது.

பல வருஷம் முன்னால் ஹார்ட்வேர் சர்வீஸுக்கு வந்த ஒரு பையன், அண்ணனின் கையைப் பார்த்துவிட்டுத் தானாகவே ஒரு சின்ன மேக்ரோ எழுதிப் போட்டிருக்கிறான். கன்ட்ரோல், ஆல்ட் என்று இரண்டு மூன்று சாவி சேர்த்து அழுத்துவதெல்லாம் அவரால் ஆகாது என்று, எல்லாம் ஒற்றைப் பொத்தானில். பையன் இப்போது துபாயில். அந்த மேக்ரோ 'டாகுமென்ட்ஸ்' ஃபோல்டரில் இல்லை. நான் துடைத்துப் போட்ட ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அவருடைய இரண்டு விரலையும் ரெண்டாவது தடவை எடுத்தவன் நான்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "டாலி இப்ப ரொம்பத் தடுமாறுதாரு. வயசாச்சு. யார்டு வேலைக்கு அனுப்பிரலாமா, இல்ல கணக்கை முடிச்சுச் செட்டில் பண்ணிரலாமா? நீ என்ன சொல்லுத?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சம்பளம் கொடுக்கிறவர் கேட்கிற கேள்விதான். யார்டு என்றால் கன்டெய்னர் அடுக்குக்கு நடுவே உச்சி வெயில். அண்ணனின் பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம்.

"ஒரு வாரம் டைம் குடுங்க அண்ணாச்சி. மெஷின்லதான் கோளாறு" என்றேன். கோளாறு யாரிடம் என்பதைச் சொல்லும் தைரியம் அன்றைக்கு வரவில்லை.

* * *

இந்தக் குறுக்குச் சாவிகளின் சரித்திரமே கொஞ்சம் வேடிக்கையானது. கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் என்ற மூன்று பொத்தான் மந்திரத்தை 1981 வாக்கில் ஐ.பி.எம். பி.சி.-க்காகக் கண்டுபிடித்தவர் டேவிட் பிராட்லி என்ற இன்ஜினீயர். முதலில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஸ்கேப் என்றுதான் வைத்திருந்தார். அது இடது கையாலேயே தெரியாத்தனமாகப் பட்டுவிடுகிறது என்பதால், வேண்டுமென்றே மூன்றாவதை வலது கோடிக்குத் தள்ளினார். இரண்டு கையும் வேண்டும், விரல் விரிய வேண்டும். அப்போதுதான் யாரும் தவறி அழுத்த மாட்டார்கள். நல்ல யோசனைதான். பத்து விரல் இருக்கிறவர்களுக்கு.

கட், காப்பி, பேஸ்ட்? அது லாரி டெஸ்லர் என்பவரும் கூட்டாளிகளும் 1970-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்தது. 2020-ல் டெஸ்லர் காலமானார். உலகத்தில் பாதி ஆபீஸ் வேலை அவர் புண்ணியத்தில்தான் நடக்கிறது. (மீதிப் பாதியை நாம் செய்வதே இல்லை.)

லினக்ஸின் அழகு என்னவென்றால், பிராட்லி வைத்தார், பில் கேட்ஸ் வைத்தார் என்று எதையும் கும்பிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் கீ-போர்டு என்று இருக்கும். அதற்குள் ஷார்ட்கட்ஸ். அதன் அடியில் கஸ்டம் ஷார்ட்கட்ஸ். புதுசாக ஒன்று சேர்த்து, ஒரு பெயர், ஒரு கட்டளை கொடுத்து, எந்தப் பொத்தான் வேண்டுமோ அதை ஒரு தடவை அழுத்திக் காட்டினால் போதும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் சேர்ப்பதைவிடச் சுலபம்.

சுலபம் என்று சொன்னேன் அல்லவா? வியாழன் இரவு ஒரு மணி வரை எனக்கு ஒன்றுமே வேலை செய்யவில்லை.

டெர்மினல் ஜன்னலில் அடித்தால் அழகாக ஓடுகிற கட்டளை, ஷார்ட்கட்டில் போட்டால் கல்லாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: டெர்மினலுக்குள் 'ஷெல்' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கட்டளையின் முடிவை இன்னொன்றுக்குக் கடத்துவது, வீட்டு ஃபோல்டரைச் சுருக்கெழுத்தில் சொல்வது எல்லாம் அவர் புரிந்துகொள்வது. ஷார்ட்கட் அவரைக் கேட்காமல் நேரே போய் நிற்கிறது. கட்டளைகளைத் தனி ஃபைலாக எழுதி, ஷெல்லிடம் அந்த ஃபைலைக் கொடு என்று சொன்னதும் ஓடியது.

அட்ரஸைத் தானாக அடிக்க 'எக்ஸ்-டூ-டூல்' என்று ஒரு கருவி. நம் விரலுக்குப் பதிலாகப் பொத்தான் தட்டுகிற ஆவி என்று வைத்துக்கொள்ளுங்கள். (வேலண்ட் என்ற புது ஏற்பாட்டில் இந்த ஆவி சரியாக இறங்காது, எங்கள் மின்ட் பழைய எக்ஸ் ஏற்பாட்டிலேயே ஓடியதால் பிழைத்தேன்.) கன்ட்ரோலோடு சேர்த்து ஒரு பொத்தானை வைத்துச் சோதித்தேன். நான் கன்ட்ரோலிலிருந்து கையை எடுப்பதற்குள் ஆவி அடிக்க ஆரம்பித்துவிட்டது. விளைவு: அட்ரஸில் உள்ள 'பி' கன்ட்ரோல்-பி ஆகி பிரின்ட் கேட்டது, 'எஸ்' சேமித்தது, 'டபிள்யூ' ஜன்னலையே மூடிவிட்டது! ஒரு ஏற்றுமதிக்காரரின் விலாசத்துக்கு இத்தனை சக்தியா என்று அசந்துபோனேன்.

உற்சாகம் வந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது. வெள்ளிக்கிழமை காலைக்குள் அண்ணனின் மெஷினில் 23 ஷார்ட்கட். எஃப்-1 முதல் எஃப்-12 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஷிஃப்ட்டோடு சேர்த்து இன்னும் பதினொன்று. கலர் கலராக ஒரு சார்ட் பிரின்ட் எடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டியும் விட்டேன். அண்ணன் அதை ஜாதகம் பார்ப்பது போலப் பார்த்தார்.

பதினொன்றரை மணிக்கு ஒரு பார்ட்டியிடமிருந்து போன். "என்ன ஸார், பேக்கிங் லிஸ்ட்ல எடை போட வேண்டிய கட்டத்துல எங்க பக்கத்துக் கம்பெனி விலாசம் இருக்கு?"

நடந்தது இதுதான். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு கட்டத்தைத் திருத்த எஃப்-2 அழுத்துவது அண்ணனின் இருபது வருஷப் பழக்கம். நான் எஃப்-2-ஐப் பிடுங்கி விலாசத்துக்குக் கொடுத்துவிட்டேன். சிஸ்டம் ஒரு பொத்தானைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டால், உள்ளே ஓடுகிற எந்தப் புரோகிராமுக்கும் அது போய்ச் சேராது, நடுவிலேயே விழுங்கிவிடும். எடையைத் திருத்தப் போனவருக்கு விலாசம் விழுந்திருக்கிறது. அண்ணாச்சி தன் கண்ணாடி அறையிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

* * *

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் அரைக் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு போய் அண்ணன் மேசையில் வைத்தேன். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும். வாயில் போட்டால் குற்ற உணர்ச்சிகூடக் கரையும் என்று நம்பிக்கை. "அண்ணே, தப்பு என்னோடது. உங்க பழைய பொத்தானை அழிச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார். "அன்னைக்கே தெரியும்."

பிறகு சார்ட்டைக் காட்டி, "இதுல எத்தனை இருக்கு?" என்றார்.

"இருபத்தி மூணு."

சிரித்தார். "எங்க அப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான்."

அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். தூத்துக்குடிக்கு முத்து நகரம் என்று பேர் இருக்கிறதே தவிர, இங்கே கடலில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்தான் கடைசி. 1955-லிருந்து அந்த வருஷம் வரை நடந்தது கடைசி வரிசை. அப்புறம் பார்களில் சிப்பி அந்த அளவுக்குச் சேரவே இல்லை. பார் என்றதும் நாற்காலி தேடாதீர்கள். கடலுக்கு அடியில் சிப்பி ஒட்டி வளர்கிற பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். தொளாயிரம் பார் என்று ஒன்று ரொம்பப் பிரசித்தம். (1973-ல் பக்கத்து வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் செயற்கையாகக் கரு வைத்து முத்து விளைவித்தார்கள். அது விஞ்ஞானம், மூச்சடக்கிக் குதித்தது வேறு.) டாலி அண்ணன் பிறந்தது 1967-ல். அப்பா அதற்குள் சங்கு குளிக்கப் போய்விட்டார். முத்து எல்லாம் கேட்ட கதைதான்.

"காலுக்குக் கீழ கல்லு. கல்லு இழுத்துக்கிட்டுப் போவும். எட்டுப் பாகம், பத்துப் பாகம். தரை தட்டினதும் கல்லை விட்டுருவாவ, மேல இழுத்துக்கிடுவாவ. அப்புறம் கைக்கு அகப்பட்ட சிப்பியை அள்ளி வலைப்பையில போடணும். மூச்சு முட்டினா கயித்தை ஒரு வெட்டு வெட்டி இழுக்கணும். தூக்குன்னு அர்த்தம். அம்புட்டுத்தான். மேல கயிறு பிடிக்கறது யாரு தெரியுமா? மச்சினன். பொண்டாட்டி கூடப் பொறந்தவன். தங்கச்சி தாலின்னு பயந்து கண்ணை எடுக்க மாட்டான்லா!"

"ஒரே சிக்னலா? வேற எதாவது வேணும்னா?"

"மூச்சடக்கிக்கிட்டுக் கெடக்கறவன் எத்தனை சிக்னலை ஞாபகம் வச்சிருப்பான்?"

நான் மக்ரூனை வாயருகில் வைத்தபடியே நின்றேன். மனுஷன் ஒரு வாரமாக ஒற்றை இன்வாய்ஸோடு மூச்சடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். நான் போய் அவரிடம் கலர் சார்ட்டை நீட்டியிருக்கிறேன்.

"பழைய மெஷின்ல எத்தனை வச்சிருந்தீங்க?"

"நாலு."

"எது எதுண்ணே?"

இந்தக் கேள்வியைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

எந்தப் பொத்தானைக் கொடுப்பது என்பது அடுத்த சிக்கல். 'ஏ' என்ற எழுத்தை மட்டும் தனியாக ஷார்ட்கட்டாக வைக்கப் பார்த்தால் சிஸ்டமே மறுத்துவிடுகிறது: அதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் நீ அந்த எழுத்தை எப்படி அடிப்பாய் என்று. எஃப் வரிசையில் கை வைத்துப் பட்டாயிற்று. வேறு யாரும் வேலை வாங்காத பொத்தான் வேண்டும். அண்ணனின் வலது கையில் மிச்சம் கட்டைவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். அந்தச் சுண்டுவிரலும் மோதிர விரலும் கீ-போர்டில் எங்கே சும்மா போய் விழுகின்றன என்று குனிந்து பார்த்தேன்.

வலது ஓரம். ஸ்க்ரோல் லாக், பாஸ், இன்சர்ட், கீழே மெனு. நாலு பேரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸ் அழுத்தினால் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் வரும். அதில் வழக்கமான எட்டு ஏற்றுமதிக்காரர்களின் பட்டியல். ஒன்றைத் தேர்ந்து என்டர் தட்டினால், பெயர், விலாசம், பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண் எல்லாம் விழும். இதிலும் ஒரு மணி நேரம் போயிற்று. ஜன்னல் மூடுவதற்குள் ஆவி அடிக்க ஆரம்பித்து எழுத்தெல்லாம் காற்றில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அரை விநாடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்ததும் சரி. இன்சர்ட்டுக்கு, பில் ஆஃப் லேடிங்கில் திரும்பத் திரும்ப வருகிற அந்த நீள வாசகம்: சரக்கை ஏற்றினவரே எண்ணி அடுக்கினார், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிற வரி. மெனு, தமிழ்-இங்கிலீஷ் மாற்ற. லாரி ஆபீஸுக்கு லெட்டர் தமிழில்தான் போகும். ஸ்க்ரோல் லாக், பெயரிலேயே 'லாக்' இருப்பதால், ஸ்கிரீனைப் பூட்ட.

கூடவே இரண்டு சில்லறை வேலை. யாருக்கும் பிரயோஜனமில்லாமல், கூச்சல் போடுவது போலப் பெரிய எழுத்தில் மெயில் அனுப்ப மட்டும் உதவுகிற கேப்ஸ் லாக்கைப் பிடித்து கன்ட்ரோலாக மாற்றினேன். அதற்குக் கீ-போர்டு லே-அவுட் ஆப்ஷன்ஸிலேயே இடமிருக்கிறது. அப்புறம், 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு வசதி. கன்ட்ரோலைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடலாம். அடுத்து வருகிற எழுத்தோடு அது தானாக ஒட்டிக்கொள்ளும். சேர்த்து அழுத்த வேண்டாம், ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டினால் போதும். விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து தடவை தட்டிவிட்டு, 'கீ' என்று ஒரு சத்தம் கேட்டு எரிச்சலோடு 'நோ' கொடுத்திருப்பீர்களே, அதே சமாசாரம்தான். அது யாருக்காக இருக்கிறது என்று நானும் அதுவரை யோசித்ததில்லை.

கலர் சார்ட்டைக் கிழித்தேன்.

* * *

அடுத்த புதன்கிழமை. கொழும்பு போகிற ஃபீடர் கப்பல். திருப்பூர் பனியன் ஆறு கன்டெய்னர். ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷனும், 2016 ஜூலையிலிருந்து கட்டாயமாகிவிட்ட எடைச் சான்றும் சாயங்காலம் ஐந்து மணி கட்-ஆஃபுக்குள் லைன்காரர்களுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பெட்டி இங்கேயே நிற்கும். கொழும்பில் தாய்க்கப்பல் நமக்காகக் காத்திருக்காது. பார்ட்டி எடை விவரம் அனுப்பியதே மூன்று ஐம்பதுக்கு.

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "நீயே உக்காரு" என்றார்.

நான், "டாலி அண்ணன் உக்காரட்டும் அண்ணாச்சி" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளங்கை ஈரமாகிவிட்டது.

அண்ணன் உட்கார்ந்தார். பாஸ். மூன்று. என்டர். விலாசம் விழுந்தது. கன்டெய்னர் நம்பர்களைத் தானே அடித்தார். அதற்கு ஷார்ட்கட் கிடையாது, அவருக்குத் தேவையுமில்லை. இன்சர்ட். மறுபடி பாஸ். சுண்டுவிரல் ஓரத்துக்குப் போவதும் வருவதும் ஹார்மோனியம் வாசிப்பதைப் போல இருந்தது. நாலாவது பெட்டியில் நிறுத்தி, "தம்பி, இந்த நம்பர் தப்பு. கடைசி எண் ஏழு வரணும், ஒண்ணு போட்டிருக்கான்" என்றார். போன் பண்ணிக் கேட்டால், ஏழுதான். கையெழுத்தில் ஒன்று மாதிரி இருந்திருக்கிறது.

நாலு முப்பத்தெட்டுக்கு அனுப்பியாயிற்று. அண்ணாச்சி கண்ணாடி அறையிலிருந்து வந்து ஸ்கிரீனைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "ஓசியில இவ்வளவு வருதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். யார்டு, செட்டில்மென்ட் பேச்சு அப்புறம் வரவில்லை.

அன்றைக்கு இரவே ஷார்ட்கட் அத்தனையையும் 'டிகான்ஃப்' கட்டளையால் ஒரு ஃபைலாகக் கொட்டி, ஸ்கிரிப்ட்டுகளோடு சேர்த்துப் பென் டிரைவில் ஒன்று, அண்ணாச்சி பீரோவில் ஒன்று என்று இரண்டு காப்பி வைத்தேன். நாளைக்கு இன்னொரு புத்திசாலி வந்து ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தாலும், நாலு பொத்தானும் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும்.

இப்போது அக்கவுன்ட்ஸ் அக்காவுக்கும் ஆசை வந்திருக்கிறது. சூப்பர்-எல்லில் வருகிற பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டுப் பூட்டு வேண்டுமாம். அதோடு, அண்ணாச்சி பின்னால் வந்து நின்றால் சீரியல் ஜன்னலை மறைத்து டாலி பில் ஜன்னலைக் காட்ட ஒரு பொத்தான் வேண்டுமாம். "ஒண்ணே ஒண்ணு போதும் தம்பி, இருபத்தி மூணு வேண்டாம்" என்று டாலி அண்ணன் பக்கத்து மேசையிலிருந்து குரல் கொடுத்தார். ஸ்க்ரோல் லாக்கைத் தட்டிவிட்டு டீக்கு எழுந்துகொண்டிருந்தார்.